மஞ்சள் பூசிய க்யூப்

போன வாரம் இந்த வீட்டில் ஒரு சண்டை வெடித்திருக்க வேண்டும். வெடிக்காமல் நமுத்துப்போயிற்று.

பள்ளியின் கடைசி வருஷத்தில் இருக்கும் மகள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் சிவில்தான் எடுக்கப்போறேன். கட்டடம் கட்டப்போறேன்" என்றாள். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "இந்த வீட்ல ஒருத்தர் விழுந்தது போதும்" என்று எழுந்தார். அப்பா மட்டும் சிரித்தார். பிறகு மூன்று பேரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அம்மா, "அந்தத் தண்ணி ஜாடியை இப்படித் தள்ளு" என்றாள்.

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். போன வருஷம் ஒரு கட்டட சைட்டில் சாரத்துப் பலகை ஒன்று நழுவியது. அதில் நின்றிருந்த அவள் கணவர், குடும்பத்தில் எல்லோருக்கும் 'பெரியவர்', கீழே வந்து சேர்ந்தார். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பிழைக்கவில்லை. டாக்டர் அவர் காலில் ஊசியால் குத்திக்கொண்டே, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டார். அவர் "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஊசியைப் பக்கத்தில் நின்றவள் பக்கம் திருப்பியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஆனால் அவள் பேரில் சீட்டு எழுதவில்லையே, யார் குத்துவார்கள்?

அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் செய்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், வேலைக்குப் போகிறாள். யாராவது வேடிக்கையாகப் பேசினால் ஒரு விநாடி தள்ளிச் சிரிக்கிறாள், தூரத்து இடி மாதிரி.

அன்று காலையும் அப்படித்தான் விடிந்தது.

"ஏறு அண்ணே" என்று சின்னவன் கட்டிலோரம் முதுகைக் காட்டிக் குந்தினான். பெரியவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். உப்புமூட்டை தூக்கிக்கொண்டு சின்னவன் எழுந்தான். நரைக்கத் தொடங்கிய இரண்டு தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வாசலைத் தாண்டின.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் வைத்துக் கட்டிக்கொடுக்கும் குடும்பம், லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாவது மாடியில் குடியிருந்தது. கீழே பிளான் பிரிண்ட் போடும் கடை. பகலில் பெரியவர் அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைபடம் வரைவார். காலையில் இறக்குவதும் சாயங்காலம் ஏற்றுவதும் தம்பியின் பொறுப்பு. யாரும் அவனிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று குந்தினான். அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை.

"கனமாயிட்டேனாடா?"

"நீ எப்ப லேசா இருந்தே? சின்ன வயசுல உன் முதுகுல நான் ஏறினதுக்கும் சேத்துத்தான் இப்ப தூக்கறேன்."

படியிறங்கிக்கொண்டே சின்னவன் திரும்பாமல் குரல் கொடுத்தான். "அண்ணி, இன்னைக்கு மத்தியானம் அஞ்சாவது மாடி ஸ்லாப். ஆளெல்லாம் சொல்லியாச்சு. செக்கிங்னு வந்து நிக்க வெச்சிடாதீங்க."

"பாக்கறேன் தம்பி" என்றாள்.

அந்தக் கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும் காண்ட்ராக்ட் சின்னவனுடையது. அந்தக் கான்கிரீட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அண்ணியுடையது. இந்த ஏற்பாட்டில் சிக்கல் வரும் என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

*

சைட் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தது. 'இளைஞர்களே, கட்டுமானத் துறை உங்களை அழைக்கிறது!' அழைக்கிற துறை கதவை மட்டும் பாதிதான் திறந்து வைத்திருந்தது. மீதிப் பாதியில் கம்பி லாரி நின்றது.

பள்ளி மாணவர்களுக்குக் கட்டடக்கலை, பொறியியல், கட்டுமானம் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டி, ஆசை மூட்டி அனுப்புவது திட்டம். ஏற்பாடெல்லாம் விளம்பரப் பிரிவுப் பெண்ணுடையது. எதைக் கண்டாலும் ரிப்பன் கட்டிவிடுவதால் சைட்டில் அவளுக்கு 'ரிப்பன்' என்றே பெயர். சிமெண்ட் மூட்டைக்குக்கூடக் கட்டியிருந்தாள்.

"கியூசி மேடம்! உங்க லேப் எவ்வளவு டல்லா இருந்துச்சு தெரியுமா? நேத்தே ஆள் விட்டுக் கழுவி அடுக்கிட்டேன். க்யூபுக்கெல்லாம் பெயிண்ட்! பசங்களுக்குப் பிடிக்கும்."

"சரி" என்றாள் கியூசி மேடம். சைட்டில் அவளுக்கு அதுதான் பெயர். தரம் பார்க்கும் பிரிவு.

முதலில் ஆர்க்கிடெக்ட் பேசினார். "ஒவ்வொரு ஜன்னலும் வானத்தைப் பாத்து ஒரு கேள்வி கேக்குது" என்று நிறுத்தி, "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்றார்.

"பாத்ரூம் எங்க இருக்கு சார்?" என்றான் ஒருவன்.

ஆர்க்கிடெக்ட் இடப்பக்கம் கை காட்டினார். பிறகு யோசித்து வலப்பக்கம் காட்டினார். அவரே வரைந்த கட்டடம்தான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று அவளுக்குத் தெரிந்த சிரிப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், மூக்கு வரை இறங்கிய ஹெல்மெட்டுக்கு அடியில், அவள் மகள்.

பிறந்ததிலிருந்து ஒல்லி. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் நூல் மாதிரி இருக்கிறாள் என்று அப்பா சொல்லப்போய், 'நூலு' என்றே நிலைத்துவிட்டது. வருகிறேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் கண்ணைச் சந்தித்ததும் ஹெல்மெட்டை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

கோபம் வரவேண்டிய இடம். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். வரவில்லை. "எல்லாரும் லேபுக்கு வாங்க" என்றாள்.

*

லேப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நசுக்கும் மெஷின். கான்கிரீட் போடும் ஒவ்வொரு தடவையும் அதே கலவையில் மூன்று க்யூப் வார்த்து, எந்த மாடி, எந்த நாள் என்று ஈரத்திலேயே ஆணியால் கீறி, தொட்டியில் ஊறப்போடுவார்கள். இருபத்தெட்டாம் நாள் எடுத்து மெஷினில் வைத்து நசுக்குவார்கள்; முன்கூட்டி ஏழாம் நாள் பார்ப்பதற்குத் தனியாக ஒன்று உண்டு. க்யூப் எவ்வளவு தாங்குகிறதோ, தூணும் அவ்வளவு தாங்கும் என்று கணக்கு.

மேஜைமேல் மூன்று க்யூப் இருந்தன. மஞ்சள், நீலம், ரோஸ். மஞ்சளுக்குச் சிரிக்கும் முகம்கூட வரைந்திருந்தது.

"இதெல்லாம் எந்தக் காலத்துதுங்க?" என்று லேப்காரரைக் கேட்டாள்.

"பழசுதான் மேடம். தொட்டியில ஓரத்துல இருந்ததை எடுத்தேன். ஓரத்துல இருக்கறது எப்பவும் பழசுதானே?" என்றார் அவர். கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்; எதையும் நிதானமாகச் செய்வார், தப்பையும்.

"மெஷின் முள்ளைப் படிக்க ஒருத்தர் வேணும். யார் வர்றீங்க?"

பத்துக் கை உயர்வதற்குள் நூலு வந்து மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டாள். "நான் படிக்கறேன் மேடம்" என்றாள், முன்பின் பார்த்திராதவள் மாதிரி.

மஞ்சள் க்யூப் உள்ளே போயிற்று. மெஷின் முனகியது. முள் ஏறியது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்த முகத்தில் வாய்க்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அடுத்த விநாடி 'டப்' என்று உடைந்தது.

"ஹேய்ய்!" லேப் கூரை அதிர்ந்தது. கை தட்டினார்கள். உடைந்தால்தானே வேடிக்கை?

"நானூத்தி அம்பது கிலோ நியூட்டன்" என்று படித்தாள் நூலு.

அம்மா உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். காயாத பெயிண்ட் விரலில் ஒட்டியது. கட்டைவிரலால் தேய்த்தாள். மஞ்சள் விலகியது. அடியில் ஆணியால் கீறிய எழுத்து தெரிந்தது. நாலாவது மாடி. தூண். நேற்றோடு இருபத்தெட்டு நாள்.

லேப்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. கழுவ வந்த ஆட்கள் தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, துடைத்து, தங்களுக்கு அழகாகத் தோன்றிய வரிசையில் திருப்பி அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் இருந்தது பழசில்லை.

"மேடம், சும்மா காட்டறதுக்கு வெச்ச க்யூப்னே இருந்துட்டுப் போகட்டும்" என்று அவள் காதருகே முணுமுணுத்தார். "பசங்களுக்கு என்ன தெரியும்?"

உண்மைதான். யாருக்கும் தெரியாது. கை தட்டல் இன்னும் ஓயவில்லை.

அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த எண்ணைச் சொன்னால் மத்தியானம் போட இருக்கும் தளம், அந்த ஸ்லாப், நிற்கும். அந்தத் தூண்களின் தலையில்தான் அது உட்கார வேண்டும். ஸ்லாப் நின்றால் சின்னவனின் காண்ட்ராக்ட் நிற்கும். அதற்கு அப்புறம் எந்த முகத்தோடு அவன் வந்து அண்ணனுக்கு முன்னால் குந்துவான்? குந்தாவிட்டால் பெரியவர் மேலே ஏற முடியாது. ஏறினால் இறங்க முடியாது.

பயம் வரவேண்டிய இடம். அதற்கும் பொறுத்துப் பார்த்தாள்.

"மேடம்" என்றாள் நூலு. ஹெல்மெட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டிருந்தாள். "இது எவ்வளவு தாங்கியிருக்கணும்?"

வருவதாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாத பெண், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

"அறுநூத்தி எழுபத்தஞ்சு" என்றாள் அம்மா.

கை தட்டல் நின்றது. பிள்ளைகள் கணக்கில் அவ்வளவு மோசமில்லை.

"அப்ப இது ஃபெயிலா மேடம்?" என்றான் பாத்ரூம் கேட்ட பையன்.

"ஃபெயில்."

"க்யூப் மட்டுமா, பில்டிங்கேவா?"

"அது தெரியத்தான் இன்னும் ரெண்டு வெச்சிருக்கோம்" என்று அவள் நீலத்தையும் தேய்த்துப் பார்த்தாள். அதே கீறல்தான். எடுத்து மெஷினில் வைத்தாள்.

நீலம் நானூற்று நாற்பதில் உடைந்தது. ரோஸ் அதையும் தொடவில்லை. இந்தத் தடவை யாரும் 'ஹேய்' சொல்லவில்லை.

"உங்களுக்கு வேலையைக் காட்டச் சொன்னாங்க" என்றாள் அவள், ரயில் வரும் நேரத்தை அறிவிக்கும் குரலில். "இதுதான் வேலை. இப்ப நான் மேல போய் நிறுத்தச் சொல்லணும். நீங்க அடுத்த ஸ்டாலுக்குப் போங்க. அங்க விஆர் கண்ணாடி போட்டுக்கிட்டா, இன்னும் கட்டாத வீட்டுக்குள்ள நடக்கற மாதிரி தெரியுமாம்."

*

புராஜெக்ட் மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதிதான் எழுந்தார். "மேடம், பொம்மை வரைஞ்ச க்யூபை எல்லாம் கணக்குல சேப்பாங்களா?"

"பெயிண்ட் அடிச்சா பலம் குறையாது சார். குறையும்னா கட்டடம் எதுக்குமே பெயிண்ட் அடிக்கக் கூடாது."

"கான்கிரீட் லாரி கிளம்பிடுச்சு மேடம்."

"திருப்பி அனுப்புங்க. ஏழாம் நாள் க்யூபே சுமாராத்தான் வந்துச்சு. போகப்போக ஏறிடும்னு நீங்க சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். ஏறல. நாளைக்குத் தூண்லயே துளை போட்டு எடுத்துப் பாக்கணும்."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மாடி ஏறத் தொடங்கியிருந்தாள்.

ஐந்தாவது மாடித் தளத்தில் கம்பி கட்டி முடித்திருந்தது. சின்னவன் பம்ப் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் சிரித்தான்.

"வந்துட்டீங்களா! காலையிலதான் சொன்னேன்…"

"இன்னைக்கு வேண்டாம் தம்பி. நாலாவது மாடித் தூண் ஃபெயில்."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எங்கே போவது என்று தெரியாமல்.

"எத்தனை?"

"நானூத்தி அம்பது. மூணும் அதை ஒட்டித்தான்."

"அன்னைக்கு வெயில்ல லாரி நின்னுடுச்சு அண்ணி. கலவை இறுகிப்போச்சு. பம்ப்ல போகல."

"தண்ணி விட்டீங்க. பலம் போச்சு."

ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள். எல்லோருக்கும் காது மட்டும் இந்தப் பக்கம்.

"பசங்க முன்னாடிதான் உடைக்கணுமா?" என்றான் மெதுவாக. "வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல? நான் ஏதாவது பண்ணியிருப்பேன்ல?"

"வீட்ல வந்து சொன்னா தூண் கேக்குமா தம்பி?"

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நான் போய்ச் சொல்றதுக்குள்ள ஊரே சொல்லிடும்." அவன் குழாயைக் கீழே போட்டான். கையுறையைக் கழற்றினான், ஒன்றை மட்டும். இன்னொன்றைக் கழற்ற மறந்தவனாக, ஏணியில் இறங்கிப் போனான்.

அவள் அங்கேயே நின்றாள். அழுகைக்கான இடம் என்று தோன்றியது. கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். சிமெண்ட் தூசிதான் இருந்தது.

*

சாயங்காலம் அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை.

"கோவமா?" என்றாள் நூலு.

"எதுக்கு?"

"சொல்லாம வந்ததுக்கு. அப்புறம், கேட்டதுக்கு."

"நீ கேக்கலைன்னா நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

"அம்மா, சித்தப்பா இன்னைக்கு வருவாரா?"

"தெரியல."

"வரலைன்னா அப்பாவை எப்படி…"

"தெரியல நூலு."

பிரிண்ட் கடையில் பெரியவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கட்டட வேலைக்காரர்கள் செங்கல்லைவிடச் செய்தியை வேகமாகக் கை மாற்றுவார்கள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார். இந்தக் குடும்பத்தில் நலம் விசாரிப்பது இப்படித்தான்.

"நானூத்தி அம்பது."

பெரியவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். பிறகு, "நான் இங்கயே படுத்துக்கறேன். பேப்பர் ரோல் நல்ல தலையணை. நாளைக்கு எழுந்து வேலைக்கு வர்ற தூரமும் மிச்சம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். நூலு நாற்காலியைச் சுற்றிவந்து, எந்தப் பக்கம் பிடித்தால் கனம் சமமாக வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒரு மாடியாவது ஏற்றிவிடலாம். அதற்கு மேல் அதற்கு மேல்தான்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் சிமெண்ட் படிந்த இரண்டு செருப்புகள் வந்து நின்றன. சின்னவன் குனிந்து உள்ளே வந்தான். அண்ணியைப் பார்க்கவில்லை. நூலுவைப் பார்க்கவில்லை. அண்ணன் முன்னால் போய், முதுகைத் திருப்பிக் குந்தினான்.

"ஏறு."

பெரியவர் ஏறிக்கொண்டார். கனமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

நான்கு பேரும் படியேறினார்கள். செருப்புச் சத்தம், மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். மாடித் திருப்பத்தில் சின்னவன் நின்றான். களைப்பாற நின்றான் என்று அவள் நினைத்தாள். அவன் முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"நாளைக்கு நாலாவது மாடில துளை போட்டு எடுப்பீங்கல்ல?"

"ஆமா."

"மூணாவது மாடிலயும் எடுத்துப் பாத்துடுங்க."

பெரியவரின் கைகள் தம்பியின் மார்பில் அசையாமல் நின்றன. நூலு கீழ்ப்படியிலிருந்து அம்மாவைப் பார்த்தாள்.

"மூணாவது மாடி க்யூப் பாஸ் ஆயிடுச்சே தம்பி" என்றாள் அவள். "நான்தானே நசுக்கினேன். நல்லா வந்துச்சே."

"க்யூபுக்கு எடுத்தது நல்ல கலவைதான் அண்ணி" என்றான் சின்னவன். "நீங்க எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் தண்ணி விட்டோம்."

அவள் சட்டென்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. அந்தக் குளிர் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஏறியது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

சின்னவன் அண்ணனை ஒரு தடவை மேலே உயர்த்திச் சரிசெய்துகொண்டு, அடுத்த படியில் கால் வைத்தான்.